சீலிங் அடிக்க ஆள் பிடிக்குமுன் ஒரு கடதாசி எழுதுவோம்



நம்ம மலையில் பெய்கிற மழைத் தண்ணி எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், "மகாவலிக்கு" என்று சொல்வார்கள். அந்த மகாவலி திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில், கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. தண்ணி மட்டுமல்ல, நம்ம ஆட்களும் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையை விட்டு வவுனியா, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பலர். கல்யாணம் கட்டிப் போனவர்களும் உண்டு.

அப்படிப் போன ஒரு தங்கச்சியின் வீட்டுக்கு, ஒரு கல்யாணத்தைச் சாட்டாக வைத்து, நாங்கள் போயிருந்தோம். கிண்ணியா பிரதேசத்தில் ஆலங்கேணி என்ற ஊர். அங்கே கண்ட ஒரு காரியத்தைத்தான் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். நம் லயங்களிலும் புது வீடுகளிலும் இப்போது பலர் சீலிங் அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே இது நமக்கும் உதவும்.

1. அந்தத் தங்கச்சிக்கு நடந்தது

நமக்கு மலையில் சீலிங் ஏன் வேணும்? குளிருக்கு. விடியற்காலையில் தகரம் வியர்த்துப் பாயில் சொட்டுகிறது. அவர்களுக்குக் கிண்ணியாவில் சீலிங் ஏன் வேணும்? வெக்கைக்கு. பகல் 12 மணிக்குத் தகரத்துக்குக் கீழே பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது.

தங்கச்சியின் அம்மா தோட்டத்தில் 35 வருஷம் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிக் காசில் ஒரு பங்கை மகளுக்குக் கொடுத்தார். "கைப்பிள்ளைக்காரி, முதல்ல சீலிங்கை அடி" என்றாராம்.

2021 கடைசியில் ஒருவரிடம் வேலையைப் பேசினார்கள். இரண்டு அறை. சாமானும் கூலியும் சேர்த்து 100,000 ரூபா. ஒரு கடதாசியும் எழுதவில்லை. "பலகை வாங்க வேணும், விலை ஏறுது" என்று அவர் சொல்ல, 80,000 ரூபாவை ஒரே தரத்தில் எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். அவர் மரம் கொண்டு வந்தார். ஒரு அறைக்குச் சட்டம் அடித்தார். பிறகு வரவில்லை.

2022 மார்ச்சில் ரூபாவின் மதிப்பு விழுந்தது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. ஆணி முதல் சீற் வரை எல்லாம் விலை ஏறிற்று. "பேசின காசுக்கு இனி முடியாது" என்று சொன்னவர், கொஞ்ச நாளில் போனையும் எடுக்கவில்லை.

கடைசியில் மத்தியஸ்த சபைக்குப் போனார்கள். அவரும் வந்தார். "எனக்குத் தந்தது 50,000 தான். அதில் மரத்துக்கும் கூலிக்கும் பெரும்பகுதி போச்சு" என்று சொன்னார். தங்கச்சியிடம் பற்றுச்சீட்டு இல்லை. சாட்சிக்கு ஆளும் இல்லை. முடிவில், 15,000 ரூபாவைத் தவணையாகத் திருப்பித் தருவதாக அவர் ஒத்துக்கொண்டார். மிச்சம் போனது போனதுதான். சீற் இல்லாத சட்டம் இரண்டு வருஷம் தலைக்கு மேலே கிடந்தது. "அதை அண்ணாந்து பார்க்கிற நேரமெல்லாம் அம்மாவோட கைதான் ஞாபகம் வரும்" என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆள் முழுக்கள்ளன் என்று நாம் சொல்ல வரவில்லை. விலை ஏறினால் யார் தாங்குவது என்று இரண்டு பேருமே பேசவில்லை. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு காசு என்றும் பேசவில்லை. பேசாத இடத்தில்தான் சண்டை வந்தது.

2. இரண்டாம் தரம்

பிறகு கொஞ்சம் காசு சேர்ந்ததும் கிண்ணியாவில் உள்ள ஒரு ஓடாவியைப் பிடித்தார்கள். (நாம் "தச்சு பாஸ்" என்று சொல்கிறவரை அங்கே ஓடாவி என்பார்கள்.) வேலை பேசி முடிந்ததும் தங்கச்சி சொன்னாராம்:

"நானா, கோவிக்காதீங்க. ஒரு கடதாசி எழுதிக்குவோம்."

"என்ன தங்கச்சி, என்னை நம்பல்லயா?"

"நம்பாட்டி வேலையே தந்திருக்க மாட்டேனே நானா. நாளைக்கு நான் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொல்லக் கூடாதுன்னுதான்."

ஓடாவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒண்டு எழுதித் தாங்க. வேலையை முடிச்ச பிறகு சல்லி தராம உட்டவங்களும் இரிக்காங்க" என்றாராம்.

பாருங்கள், கடதாசி இரண்டு பக்கத்துக்கும் வேணும். வீட்டுக்காரருக்கு வேலை முடியுமா என்ற பயம். வேலைக்காரருக்குக் காசு வருமா என்ற பயம். பிள்ளையின் கொப்பியில் கிழித்த இரண்டு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் வேலை முடிந்தது. அந்தத் தாளை எங்களுக்குக் காட்டினார். கீழே வரும் மாதிரி அதைப் பார்த்துச் செய்ததுதான்.

3. கிண்ணியா முன்பே கற்றுக்கொண்ட பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியா கடுமையாக அடிபட்டது. வீடுகளும் கடற்கரையோரம் இருந்த வைத்தியசாலையும் அழிந்தன. பிறகு வந்த வீட்டுத் திட்டங்களில் ஒன்று, வீட்டுக்காரரே ஆள் பிடித்துக் கட்டும் முறை. முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதி சேதத்துக்கு 100,000 ரூபா. ஆனால் அந்தக் காசை ஒரே தரத்தில் கொடுக்கவில்லை. இவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த தவணை கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்திய வீட்டுத் திட்டத்திலும், வடக்குக் கிழக்கிலும் நம் மலையகத்திலும், கட்டம் கட்டமாகவே காசு வந்தது. நம்மில் சிலர் அந்த வீடுகளில்தான் இருக்கிறோம்.

பெரிய திட்டம் நடத்துகிறவர்களே வேலையைப் பார்த்துத்தான் காசு விடுகிறார்கள். அப்படியானால் அம்மாவின் சேமலாப நிதிக் காசை நாம் ஏன் முதல் நாளே எண்ணிக் கொடுக்க வேண்டும்?

4. "பேர்" வேலையும் கொந்தரப்பும்

தனிக் கொந்தராத்துக்காரர் என்றால் யார்? இது நமக்குப் புதிதல்ல.

பேர் போட்டு வேலை செய்யும்போது காலையில் பிரட்டுக்குப் போகிறோம். எந்த மலை, எந்த நிரை என்று கங்காணி சொல்கிறார். நேரத்தையும் அவர்கள் சொல்கிறார்கள். நாளுக்குச் சம்பளம். கொந்தரப்பு என்றால் அப்படி இல்லை. இவ்வளவு இடம் முடித்தால் இவ்வளவு காசு. எப்போது வருவது, யாரைக் கூட்டி வருவது என்பது எடுத்தவர் பாடு.

சீலிங் வேலையும் அப்படித்தான். ஓடாவி தன் ஆயுதத்தோடு வருகிறார். தன் கையாளைத் தானே கூட்டி வந்து, தானே கூலி கொடுக்கிறார். எப்படி அடிப்பது என்பது அவர் தொழில். என்ன வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பது நம் பேச்சு. இதுவே தனிக் கொந்தராத்து. ஆனால், "கொந்தராத்து" என்று எழுதிவிட்டு, நாள் சம்பளம் கொடுத்து, நேரம் குறித்து, ஒவ்வொன்றையும் நாமே ஏவினால், சட்டம் தாளில் உள்ள பெயரை மட்டும் பார்க்காது, நடந்ததையும் பார்க்கும். ஆகவே எந்த முறை என்பதை முதலிலேயே தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.

5. சட்டம் என்ன சொல்கிறது?

• காணி விற்பது வாங்குவது போன்றவற்றுக்கு நொத்தாரிசு முன் எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. சீலிங் அடிக்கிற வேலைக்கு நொத்தாரிசு தேவையில்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் அதை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

• வழக்குப் போடக் காலவரை உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருஷம், எழுதாத ஒப்பந்தத்துக்கு 3 வருஷம். எழுதினால் காலமும் கூடுகிறது.

• 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, எழுதி ஒப்பமிட்ட நிபந்தனைக்கு மாறாக "வாயால் வேறு மாதிரிப் பேசினோம்" என்று பிறகு காட்டுவது சுலபமல்ல. ஆகவே பேசியது எல்லாம் தாளில் வர வேண்டும். இடையில் மாற்றம் வந்தால் அதையும் எழுதி, இருவரும் ஒப்பமிட வேண்டும்.

• தமிழிலேயே எழுதலாம். பாஸ் சிங்களவராக இருந்தால் இரண்டு மொழியிலும் எழுதுங்கள்.

• பிரச்சினை வந்தால் முதலில் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. அங்கே சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை, நாமே பேசலாம். அதற்கு மேல் போக வேண்டி வந்தால், வசதி குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

6. எழுதுமுன் நாம் பார்க்க வேண்டியவை

அனுமதி: லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. ஆகவே நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே ஆளைப் பிடியுங்கள்.

கூரை: ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்தால் காசை நனைப்பதுதான். முதலில் ஒழுக்கை அடையுங்கள்.

வயர்: மின்சார வயரைத் தெரிந்தவர் பார்த்த பிறகே சீற் ஏற வேண்டும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கிற தீ, கூரைக்கடியாலே ஓடி அடுத்த காம்பராக்களையும் பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். விறகடுப்புக்கு நேர் மேலே பிளாஸ்டிக் சீற் வேண்டாம்.

சாமான்: ஜிப்சம் பலகை ஈரத்துக்கு ஆகாது. கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு இரும்பு ஆணி துருப்பிடிக்கும். எந்தச் சாமான், என்ன தடிப்பு என்று எழுதாமல் "நல்ல சாமான்" என்று எழுதினால் பிரயோசனமில்லை.

அஸ்பெஸ்டஸ்: அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய சீற்றைக் காய்ந்தபடி அறுப்பது, துளைப்பது, உடைப்பது கூடாது. வேறு வழியில்லாமல் கழற்ற வேண்டி வந்தால், தண்ணீர் அடித்து நனைத்து, முழுதாகவே கழற்ற வேண்டும். அந்த நேரம் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அளவு: நாமே நாடா பிடித்து அளப்போம். 12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள அறை 120 சதுர அடி. 10 அடிக்கு 8 அடி அறை 80 சதுர அடி. மொத்தம் 200 சதுர அடி. பாஸ்மார் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். அப்படியானால் இது 2 சதுரம். 2 அடிக்கு 2 அடி சீற் ஒன்று 4 சதுர அடி. ஆகவே 50 சீற் வேண்டும். உடைவுக்கு இரண்டு மூன்று கூட வாங்கலாம். "80 சீற் வேணும்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க நமக்குத் தெரியும்.

7. காசை எப்படிப் பிரிப்பது?

முடிந்தால் சாமானை நாமே கடையில் வாங்குவோம். பில் நம் பெயரில் இருக்கட்டும். சாமானும் அவர் பொறுப்பு என்றால், சாமான் காசை நேரே கடைக்குக் கட்டுவது நல்லது.

கணக்கு விளங்குவதற்காக மொத்தம் 100,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

• ஆயுதத்தோடு வந்து வேலை தொடங்கும் நாள்: 10,000
• சட்டம் அடித்து, மட்டம் பார்த்து, வயரும் பார்த்த பிறகு: 30,000
• எல்லாச் சீற்றும் ஏறிய பிறகு: 40,000
• ஓரப் பட்டி அடித்து, துப்புரவாக்கிய பிறகு: 10,000
• 30 நாள் கழித்து, தொங்கல் வெடிப்பு இல்லை என்று பார்த்து: 10,000

கடைசி 10,000 அவருடைய காசு. நாம் பிடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். 30 நாள் ஆனதும், அவர் கேட்காமலே கொடுப்பது நம் மரியாதை.

8. மாதிரி ஒப்பந்தம்

திகதி: ..................

வீட்டுக்காரர்: பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ..................
கொந்தராத்துக்காரர்: பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், போன் ..................

1. வேலை: ...... அறைகளுக்கு, மொத்தம் ...... சதுர அடிக்கு சீலிங் அடித்தல். நிலத்திலிருந்து உயரம் ...... அடி.
2. சாமான்: சட்டம் ......, சீற்றின் வகையும் தடிப்பும் ......, ஓரப் பட்டி ....... சாமான் வாங்குபவர் .......
3. கூரைக்குள் ஏறிப் பார்க்க ...... இடத்தில் வாசல் விட வேண்டும்.
4. தொடங்கும் நாள் ....... முடிக்கும் நாள் ....... மழையால் தடைப்பட்ட நாள் இதில் சேராது.
5. மொத்தக் காசு ...... ரூபா. தவணைகள்: ....... ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு எழுதப்படும்.
6. வேலை தொடங்கிய பின் சாமான் விலை ஏறினால், கடைப் பில்லைக் காட்டி இருவரும் பேசி எழுதிக்கொள்வோம். எழுதாமல் கூடுதல் காசு கேட்பதோ, வேலையை நிறுத்துவதோ இல்லை.
7. வேலை செய்யும் முறை கொந்தராத்துக்காரரின் பொறுப்பு. ஆயுதம், ஏணி, கையாட்களின் கூலி, அவர்களின் பாதுகாப்பு எல்லாம் அவரைச் சேரும்.
8. வேலையின் பிழையால் ...... மாதத்துக்குள் தொங்கினால் அல்லது கழன்றால், கூலி வாங்காமல் திருத்தித் தருவார். கூரை ஒழுகியதால் வந்த சேதம் இதில் சேராது.
9. இடையில் வேலை நின்றால், முடிந்த வேலையை இருவரும் சாட்சியோடு அளந்து, அதற்குரிய காசைக் கணக்குத் தீர்ப்போம்.
10. பிணக்கு வந்தால் முதலில் பேசுவோம். முடியாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவோம்.

இருவரின் கையெழுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து.

7ஆம் விதியைப் பற்றி ஒரு வார்த்தை. கையாள் ஏணியால் விழுந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வைப்பது நல்லது. ஆனால் எழுதிவிட்டோம் என்று நம் பக்கத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. உக்கிய வளையோ, ஓட்டை வயரோ இருப்பது நமக்குத் தெரிந்தால், வேலை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும்.

9. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு

நம்ம முன்னோருக்குக் கடதாசி என்றாலே பயம். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. அதில் கடன் தொகை எழுதியிருக்கும். அந்தக் கடனை அடைத்தால்தான் வேறு தோட்டம் போகலாம். எழுதியது ஒருவர், சுமந்தது நம்மவர். வாசிக்கத் தெரியாதவர்களை அந்தத் துண்டு கட்டிப் போட்டது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஆனாலும் பயம் பரம்பரையாக நம்மோடு வந்திருக்கிறது.

இந்தக் கடதாசி அப்படிப்பட்டதல்ல. இதை நாமே சொல்லி, நாமே எழுதுகிறோம். வாசிக்கத் தெரியாதவர், படிக்கிற மகளையோ பேரனையோ கொண்டு இரண்டு தரம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல் இருந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். வெறும் தாளில் கைநாட்டு வைக்கவே வேண்டாம். உங்கள் பிரதியைப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள்.

ஆலங்கேணித் தங்கச்சியின் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. சீலிங் அடித்த பிறகு மகள் வீட்டுக்குப் போனவர், தாளை வாங்கிப் பேத்தியிடம் வாசிக்கச் சொன்னாராம். முழுவதும் கேட்டுவிட்டு, "இதை அப்பவே எழுதியிருக்கலாமே" என்றாராம்.

குழுவாகப் பேசுவதற்குக் கேள்விகள்

1. உங்கள் லயத்தில் கூரை, சுவர், சீலிங் வேலைக்குக் காசு கொடுத்து ஏமாந்தவர் உண்டா? மாதிரியில் உள்ள எந்த விதி இருந்திருந்தால் அது நடந்திருக்காது?
2. 2022 போல விலை ஏறினால், கூடுதல் செலவை யார், எவ்வளவு தாங்குவது நியாயம்?
3. உங்கள் அறை எத்தனை சதுர அடி? பிள்ளைகளோடு அளந்து எழுதுங்கள். 2 அடிக்கு 2 அடி சீற் எத்தனை வேண்டும்?
4. உங்கள் பகுதி மத்தியஸ்த சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது? கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, அறிவித்தல் பலகையில் எழுதிப் போடுங்கள்.